கயாவில் விட்டுவந்த பலாப்பழம்

பீகாரின் கயாவில் பல்கு நதியைப் பார்த்ததும் அம்மாவின் முகம் வாடிவிட்டது. 2019 பிப்ரவரி அது. ஆறு என்று போன இடத்தில் மணல்தான் கிடந்தது. தோண்டினால் நீர் ஊறியது, அதில்தான் தர்ப்பணம். தசரதனுக்குச் சீதை மணலால் பிண்டம் வைத்ததைக் கண்ணால் கண்டும் இல்லையென்று சொன்னதால், மண்ணுக்குள்ளேயே ஓடும்படி சபிக்கப்பட்ட ஆறு என்பது கதை.

அப்பா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கிரியைகளில் எனக்குப் பிடிப்பு கிடையாது, அம்மாவுக்காகப் போனேன். இந்தூர் அரசி அகல்யாபாய் ஹோல்கர் 1787-இல் எடுப்பித்த விஷ்ணுபாதம் கோயிலில், கல்லில் பதிந்த திருவடியின் மேல் பிண்டம் வைக்கிறார்கள். உடல் போனாலும் ஆன்மா அழிவதில்லை, வினைக்கேற்ப அது பயணப்படுகிறது, வழியில் அதற்குப் பசிக்கும். அந்த உருண்டைகளுக்குள் இருக்கும் நம்பிக்கை இவ்வளவுதான். ஆனால் பெற்றவர்களோடு அது முடிவதில்லை. நண்பர்கள், வீட்டில் வேலை செய்தவர்கள், வளர்த்த மாடு, பிள்ளையில்லாமல் போனவர்கள், பெயர்கூடத் தெரியாதவர்கள் என்று சாஸ்திரிகள் சொல்லச் சொல்ல வைத்துக்கொண்டே போனேன். செத்துப்போன எங்கள் நாய்க்கும் ஒன்று வைத்தேன். அப்பாவுக்கு வைத்தபோது வராத அழுகை அப்போது வந்தது.

கடைசியில் அட்சயவடம் என்னும் ஆலமரம். அதனடியில் ஒரு காயையும் ஒரு பழத்தையும் ஆயுளுக்கும் விட்டுவிட வேண்டும். பிடித்ததைத்தான் விட வேண்டும். பாகற்காயை விட்டுத் தப்பித்தவர்கள் எங்கள் உறவிலேயே இருக்கிறார்கள். அம்மா கத்தரிக்காயையும் மாம்பழத்தையும் விட்டாள். நான் பழத்தில் பலாவை விட்டேன், பாதி வீம்புக்காக.

மறுநாள் புத்தகயா. ஆட்டோவில் சுமார் 12 கிலோமீட்டர். மகாபோதி கோயிலின் பின்புறம் போதி மரம்; சித்தார்த்தர் ஞானம் பெற்ற மரத்தின் வழித்தோன்றல் என்கிறார்கள். சுற்றிலும் திபெத்தியர்கள் மரப்பலகைகளில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். ஒரு லட்சம் முறை என்று கணக்கு வைத்து வணங்குபவர்களும் உண்டு. அம்மாவுக்கு அது அரச மரம், புத்தர் ஒன்பதாவது அவதாரம். கோவிந்தா சொல்லிக்கொண்டே பிரதட்சிணம் தொடங்கிவிட்டாள். அந்த அவதாரக் கணக்கைப் பௌத்தர்கள் ஏற்பதில்லை என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன்.

மரநிழலில் தமிழ் தெரிந்த இலங்கைப் பிக்கு ஒருவர் அமர்ந்திருந்தார். அம்மா நேராகக் கேட்டாள்: "சுவாமி, உங்களில் இறந்தவர்களுக்குத் திதி உண்டா?"

"நிலையான ஆன்மா என்று ஒன்று இல்லை என்பது எங்கள் போதனை, அம்மா."

"அப்படியென்றால் மறுபிறவி யாருக்கு?"

இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பண்டிதர்கள் மோதிக்கொண்ட கேள்வி. பிக்கு சிரித்தார். "ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றினால் அதே சுடரா, வேறு சுடரா? இரண்டுமில்லை. வேட்கைதான் எண்ணெய். அது தீர்ந்தால் அணையும், அதுவே நிர்வாணம்."

அம்மா சமாதானமாகவில்லை. பிறகு அவரே சொன்னார்: அவர் ஊரில் பிக்குகளுக்குத் தானம் கொடுத்த பின், வீட்டார் எல்லோருமாகச் சேர்ந்து கெண்டியிலிருந்து கிண்ணத்தில் நீர் வார்ப்பார்களாம். அது நிரம்பி வழியும்போது புண்ணியம் இறந்தவர்களுக்குச் சேர்கிறது.

"தர்ப்பணம்தானே இது!" என்றாள் அம்மா, வழக்கில் ஜெயித்தவளைப் போல.

எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கயாவில் பசித்தவருக்குச் சோறு போகிறது. பிக்குவின் ஊரில் நல்வினையின் பங்கு போகிறது, இறந்தவர் அதைக் கண்டு மகிழ வேண்டும். உனக்குள் அழியாத ஒன்று இருக்கிறது, அதை அறி என்கிறது உபநிடதம். அப்படித் தேடிப் பார், ஒன்றும் அகப்படாது என்கிறார் புத்தர். எல்லாம் ஒன்றுதான் என்று தட்டிக்கழிக்கக்கூடிய வேறுபாடு இல்லை இது. ஆனால் ஆட்டோவில் திரும்பும் வழியெல்லாம் அம்மா அந்தக் கெண்டியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

ஜூனில் பக்கத்து வீட்டிலிருந்து பலாச்சுளை வந்தது. என் கண்ணில் படாமல் அம்மா அதைச் சமையலறையில் மூடி வைத்தாள். மணம் கூடம்வரை வந்துவிட்டது.