மூன்றாவது கடிதம்

நவம்பர் 24
அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு விண்ணப்பம். எஸ்.ஓ.பி. என்கிற நோக்கக் கட்டுரையின் முதல் பத்தியை மொத்தமாகத் தூக்கிவிட்டேன். சின்ன வயதில் வானத்தைப் பார்த்தேன், வியந்தேன் என்று எழுதாதவர் யார்? கமிட்டிக்கு வேண்டியது என்ன கேள்வி, யாரிடம் செய்யப் போகிறாய், ஏன் இங்கே. அவ்வளவுதான். அந்த மூன்றாவதுதான் உயிரை வாங்குகிறது.

நவம்பர் 27
பரிந்துரையாளர்களின் பெயர், மின்னஞ்சல் போட்டதும் போர்ட்டல் ஒரு கேள்வி கேட்கிறது: இந்தக் கடிதங்களைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா? அங்கே போய்ச் சேர்ந்த மாணவர் தன் கோப்பைப் பார்க்கலாம் என்று 1974இல் வந்த அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. கட்டாயமில்லையாம். விட்டுக்கொடுக்காதவனுக்கு வந்த கடிதத்தை யார் நம்புவார்கள்? 'ஆம்' தட்டினேன்.

டிசம்பர் 1
இரண்டு கடிதங்களுக்குப் பச்சை டிக். எங்கள் ஆய்வகச் சாருடையதில் மட்டும் மஞ்சள் முக்கோணம், இன்னும் வரவில்லை.

டிசம்பர் 5
என் பட்டியலில் பல இடங்கள் ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வைக் கேட்பதே இல்லை. ஒன்று மட்டும் 'விருப்பமிருந்தால்' என்கிறது. யாருடைய விருப்பம்? அனுப்பாவிட்டால் எதையோ மறைக்கிறான் என்று நினைக்க மாட்டார்களா? கணக்குப் பகுதி 170க்கு 165. எழுத்துப் பகுதி 6க்கு 3.5. நல்லதை மட்டும் பிரித்து அனுப்ப முடியாது, போனால் எல்லாம் சேர்ந்துதான் போகும். ஜி.ஆர்.இ. மதிப்பெண் 5 வருஷம் செல்லும், ஆங்கிலத் தேர்வான டோஃபல் 2 வருஷம்தான். அதற்குள் ஆங்கிலம் மறந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள் போல.

டிசம்பர் 7
மஞ்சள்.

டிசம்பர் 10
'நினைவூட்டு' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அமுக்கினால் கணினி தானாக ஒரு மெயில் அனுப்பும். சாருக்கு அப்படி ஒன்று போவதை நினைத்தாலே கூசுகிறது. நானே எழுதலாம் என்று உட்கார்ந்தால் மூன்று வரிக்குச் சாயங்காலம் முழுக்கப் போய்விட்டது. "தொந்தரவுக்கு மன்னிக்கவும் சார்" என்றால் தொந்தரவு என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. தேதியைப் போட்டால் மிரட்டுகிற மாதிரி. போடாவிட்டால் மெயிலே எதற்கு?

அவர் பக்கமும் பாவம்தான். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனி லிங்க், தனிப் படிவம். கடிதத்தோடு முடியாது, பல படிவங்களில் கட்டம் வேறு நிரப்ப வேண்டும்: நீங்கள் அறிந்த மாணவர்களில் இவர் முதல் 5 சதவீதத்திலா, 10இலா, 25இலா? என் வரைபடத்தை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் எந்தக் கட்டத்தில் விழும்?

டிசம்பர் 12
எழுத முடியாது என்றால் அப்போதே சொல்லியிருக்கலாம். நேரில் தலையாட்டிவிட்டு இப்படி!

டிசம்பர் 15
என் பங்கைச் சமர்ப்பித்தாகிவிட்டது. கெடு இரவு 11:59, அந்த ஊர் நேரத்துக்கு. கடிதம் சில நாள் பிந்தினாலும் ஏற்றுக்கொள்வோம் என்று துறை அலுவலகத்திலிருந்து பதில். யாரோ ஒரு நல்ல ஆத்மா.

டிசம்பர் 16
வந்துவிட்டது. பச்சை. நேரம் 11:41 என்று காட்டுகிறது. சார்!

ஜனவரி 20
ஒன்றுமில்லை.

பிப்ரவரி 9
ரிஜெக்ட். "இவ்வாண்டு விண்ணப்பித்தவர்கள் மிகத் திறமையானவர்கள்." சரி, அவர்களே படிக்கட்டும்.

பிப்ரவரி 22
வீடியோவில் ஒரு பேராசிரியையோடு நேர்காணல். என் ஆய்வைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். முடிக்கும்போது அந்தப் பேராசிரியை, "சென்சாரின் அளவு மெல்ல மெல்ல விலகிப்போவதைக் கண்டுபிடிக்க ராத்திரியெல்லாம் பழைய அளவீடுகளைத் திரும்ப எடுத்தீர்களாமே" என்றார். நான் யாரிடமும் சொன்னதில்லை. எஸ்.ஓ.பி.யிலும் இல்லை. மறுநாள் காலை ஆய்வகக் குறிப்பேட்டில் பென்சிலால் இரண்டு வரி எழுதி வைத்தேன், அவ்வளவுதான். அந்தக் குறிப்பேட்டைச் சார் படிக்கிறார் என்றே எனக்குத் தெரியாது. அதன் பிறகு பேராசிரியை கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

பிப்ரவரி 23
வேறென்ன எழுதியிருப்பார்?

மார்ச் 11
நேர்காணல் வைத்த இடம் வெயிட்லிஸ்ட். இன்னொரு இடம் பிஎச்.டி. இல்லையாம், மாஸ்டர்ஸ் தருகிறோம் என்கிறது, ஃபண்டிங் இல்லாமல். வாழ்த்துகள் என்று வேறு போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 3
எல்லாம் ஏப்ரல் 15இல் வந்து நிற்கிறது. கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்கிற முதுநிலைக் கல்வி அமைப்பின் தீர்மானத்தை ஏற்ற பல்கலைக்கழகங்கள், உதவித்தொகையோடு தரும் இடத்துக்கு அந்தத் தேதிக்குமுன் பதில் சொல்லும்படி யாரையும் நெருக்கக் கூடாது. நியாயமான விதிதான், இடம் கையில் இருப்பவர்களுக்கு. நாலு சீட்டில் துண்டு போட்டவர் கடைசி நாள்வரை ஒன்றையும் எடுக்க மாட்டார். நாங்கள் நிற்க வேண்டியதுதான்.

ஏப்ரல் 12
சார் ஃபோனில், "என்னப்பா ஆச்சு?" என்றார். சொன்னேன். "ஃபண்டிங் இல்லாத இடத்துக்கு அவசரப்பட்டு ஒத்துக்காதே." அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்க வாய் வரை வந்தது. வேறு யாரோ அழைக்கிறார்கள் என்று வைத்துவிட்டார்.

ஏப்ரல் 14
துறையிலிருந்து மெயில். "இடம் காலியானால் 24 மணி நேரத்துக்குள் பதில் தர முடியுமா?" முடியும் என்று அனுப்பிவிட்டேன்.