இனிஷியலும் 42 கிலோமீட்டரும்

ஐந்து மாதம் கோத்தகிரி மேட்டிலும் பள்ளத்திலும் ஓடியதில் எனக்குக் கால் சுளுக்கவில்லை, சளிகூடப் பிடிக்கவில்லை. கடைசிப் பத்து நாளில்தான் உயிர் போனது. ஓடி அல்ல, காகிதத்துக்கு அலைந்து.

ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான், 42.195 கிலோமீட்டர். எனக்கு முதல் தடவை. பயிற்சி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 32 கிலோமீட்டர் நீள ஓட்டம் மூன்று முடித்து, கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். எல்லாரும் செய்வதுதான்.

முதல் இடி மருத்துவச் சான்றிதழ். பதிவு மின்னஞ்சலின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: நாற்பது தாண்டியவர்கள் இசிஜியோடு டாக்டர் சான்று கொண்டுவர வேண்டும். நான் அதைப் பார்த்தபோது ஒன்பது நாள்தான் பாக்கி. அரை நாள் லீவு போட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனால், இசிஜி மெஷினில் பேப்பர் ரோல் தீர்ந்துவிட்டதாம். "நாளைக்கு வந்துடும் சார்." மறுநாள் ரோல் வந்திருந்தது, மெஷின் ஓட்டுகிற அம்மா வரவில்லை. மூன்றாம் நாள் குன்னூருக்கு பஸ் ஏறினேன். அங்கே பத்து நிமிட வேலை. டாக்டர் மட்டும், "நாடித்துடிப்பு 48 இருக்கே, தலை சுத்துதா?" என்றார். தினமும் ஓடுகிறவர்களுக்கு அறுபதுக்குக் கீழே இறங்குவது சகஜம் என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். பஸ் ஸ்டாண்டில் பிரித்துப் பார்த்தால் சீல் இல்லை! திரும்ப மேடேறினேன். சீல், தேதி, டாக்டரின் பதிவு எண் மூன்றையும் அங்கேயே நின்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது வெக்கை. இங்கே டிசம்பர் விடியற்காலையில் குல்லா மாட்டிக்கொண்டு ஓடுகிறோம். சென்னையில் அதே நேரத்துக்குப் பனியனைப் பிழியலாம். உடம்பு பழகப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வேண்டும். எனக்குக் கிடைத்தது மேட்டுப்பாளையத்தில் இரண்டு ஞாயிறு. போதாதுதான், ஆனால் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்ற கணக்கு பிடிபட்டது. கீழே பஸ்ஸில் போங்கள். இறக்கத்திலேயே ஓடிப் போய்விடலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அப்படிச் செய்தால் தொடை பிடித்துக்கொண்டு நாலு நாள் படி இறங்க முடியாது.

பயிற்சியின் கடைசி 12 கிலோமீட்டர் ஓட்டமும் முழுதாக அமையவில்லை. தேயிலைத் தோட்ட வளைவில் திரும்பும்போது, கொழுந்து பறிக்கப் போன பாட்டி கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, மாடு நிக்குது. ஓடாத, மெதுவா பின்னால வா." ஐம்பதடியில் ஒற்றைக் காட்டுமாடு. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல, மூக்கிலிருந்து ஆவி பறக்க, என்னையே பார்த்துக்கொண்டு. பாட்டியோடு முக்கால் மணி நேரம் நின்றேன். ஓட்டம் ஏழு கிலோமீட்டரோடு முடிந்தது.

அப்புறம் பிப், அதாவது ஓடும்போது நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டை. நேரில்தான் தருவார்கள், அதுவும் முந்தின நாள் சாயங்காலம் வரைதான். வெள்ளி இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, சனிக்கிழமை சென்னையில் அக்கா வீட்டில் குளித்துவிட்டு வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்த பெண் ஆதாரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "பேரு மேட்ச் ஆகல சார்."

பதிவுப் படிவத்தில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம். ஒற்றை எழுத்தை அது ஏற்கவில்லை, அதனால் அப்பாவின் பெயரை முழுதாகப் போட்டிருந்தேன். ஆதாரில் வெறும் இனிஷியல்.

"இந்த கே யாருங்க?"

"எங்க அப்பா."

"அவரு பேரு இதுல இல்லையே?"

சென்னையில் உட்கார்ந்துகொண்டு இனிஷியல் என்றால் என்னவென்று கேட்டால் மனுஷன் என்ன செய்வான்? வாக்குவாதம் இருபது நிமிடம் போனது. மேலதிகாரியைக் கூப்பிட்டார்கள், அவர் சாப்பிடப் போயிருந்தார். கோத்தகிரியிலிருந்து மனைவி என் லைசென்ஸைப் படம் பிடித்து அனுப்பினாள். வாட்ஸப் படம் செல்லாது என்றார்கள். கடைசியில் எனக்குப் பின்னால் நின்ற நரைத்த தலைக்காரர்தான், "அந்தக் கார்டைக் கொஞ்சம் திருப்புங்கம்மா" என்றார். பின்பக்கம், முகவரிக்கு முன்னால், அப்பாவின் பெயர் முழுதாக இருந்தது. அவ்வளவு நேரமும் அந்த அட்டை எங்கள் இரண்டு பேர் கையிலும்தான் மாறி மாறி இருந்தது.

பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்து பிரித்தேன். நேரம் கணக்கிடும் சிப் இருக்கிறது, சட்டை சரியான அளவு, ஊக்கு நாலுக்கு மூன்று. பிப்பில் எண்ணுக்குக் கீழே கொட்டை எழுத்தில் பெயர். என் பெயர் இல்லை, அப்பாவின் பெயர்.

திரும்ப அந்த வரிசையில் நிற்கத் தெம்பில்லை. அப்பாவுக்கு போன் போட்டு, நாளைக்கு வழியெல்லாம் உங்கள் பெயரைச் சொல்லித்தான் கைதட்டுவார்கள் என்றேன்.

"மெதுவாவே ஓடுடா," என்றார், "எனக்கு முட்டி வலி."