மட்டக்குளி லட்டுவுக்கு ஒரு வண்டி

கொட்டாஞ்சேனையில் எனக்குக் குஷன் கடை. ஓட்டோ சீற், ஹூட், மோட்டார் சைக்கிள் சீற், எப்போதாவது கல்யாண மண்டபத்துக் கதிரைகள். இப்படிப்பட்ட ஆள் குதிரைக்கு வார் தைக்கத் தொடங்கியது மட்டக்குளி அண்ணனால். அவர் வீட்டுப் பின்வளவில் லட்டு என்றொரு குட்டைக் குதிரை, மினியேச்சர் இனம், நிற்கிறது. பிடரி மயிர் முடிகிற இடத்தில் அளந்தால் 33 அங்குலம். அமெரிக்காவில் இந்த இனத்துக்கென்றே இருக்கிற சங்கம் 34 அங்குலம் வரைதான் ஏற்றுக்கொள்ளும். அந்தக் கணக்கில் லட்டு தப்பிவிட்டது. வீதியில் போகிறவர்கள் "நெடுந்தீவுக் குதிரையா?" என்று கேட்பார்கள். நெடுந்தீவில் திரிபவை இதைவிட நல்ல உயரம். அண்ணன் விளக்கம் சொல்லிக் களைத்துப்போய் இப்போது "ஓம்" என்று தலையாட்டி விடுகிறார்.

இந்த உயரத்துக் குதிரையின் முதுகில் சின்னப் பிள்ளைகளைத் தவிர யாரும் ஏறக்கூடாது. வண்டி இழுக்கும். லட்டு கிட்டத்தட்ட 90 கிலோ. வண்டியும் ஆளும் சேர்ந்து அதற்குள் நிற்க வேண்டும் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். சமதரையில் இன்னும் கூட இழுக்கும் என்பார்கள். இழுக்கும்தான், இந்தக் கொழும்புப் புழுக்கத்தில் ஏன் இழுக்க வைக்க வேண்டும்?

எங்களுடையது கரத்தைப் பரம்பரை, மாட்டு வண்டிக்காரர்கள். 1906இல் கொழும்புக் கரத்தைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த காலத்து ஆள் என் பூட்டன். மாட்டுக்கு நுகத்தடி ஒன்றே போதும், இழுப்பதும் அதில்தான், வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் அதில்தான். குதிரைக்கு வார் தைக்க உட்கார்ந்தால் இந்தக் கணக்கு உதவாது. இழுப்பது நெஞ்சில், ஏர்க்காலின், அதாவது குதிரையின் இரண்டு பக்கமும் முன்னே நீள்கிற வண்டிக் குழாய்களின், பாரம் முதுகில், நிறுத்துவது பின்பக்கத்தில். மூன்றும் மூன்று வேலை.

அண்ணன் முதலில் எங்கேயோ வாங்கிவந்த செட்டில், நிறுத்தும்போது பின்பக்கத்தில் பிடிக்கிற பின்வாரே இல்லை. கேட்டதற்கு, கொழும்பு சமதரைதானே, மலைநாட்டுக்குத்தான் அது வேண்டும் என்று விற்றவர் சொன்னாராம். எனக்கு இதைக் கேட்டதும் கோபம் வந்தது. லட்டு இழுக்கிற இரண்டு சில்லு வண்டிக்குப் பிரேக் கிடையாது. சமதரையாக இருந்தாலும் குதிரை நின்றவுடன் வண்டி நிற்காது, முன்னே வரும். அதைப் பிடிக்கப் பின்வார் இல்லையென்றால் குறுக்குச் சட்டம் போய்க் குதிரையின் பின்னங்காலில் இடிக்கும். இடித்தால் அது உதைக்கும், இல்லாவிட்டால் பாயும். இரண்டில் எது நடந்தாலும் வண்டியில் இருப்பவர் பாடு திண்டாட்டம்தான்.

அதனால் நான் முதலில் தைத்ததே பின்வார்தான். பிட்டத்தைச் சுற்றி வருகிற அகலமான பட்டை அது. மேலே ஏறினால் வாலுக்கடியில் போய் மாட்டிக்கொள்ளும். கீழே இறங்கினால் நிறுத்தும்போது கால்களை வாரிவிடும். பிட்டத்து எலும்பு முனைக்குக் கொஞ்சம் கீழே நின்றால் சரி. குதிரை வண்டியை இழுத்துக்கொண்டு நிற்கும்போது பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே உள்ளங்கையை நிமிர்த்தி நுழைக்க இடம் வேண்டும். அதைவிட இறுகினால் ஒவ்வொரு அடிக்கும் தேய்க்கும், தளர்ந்தால் பிடிக்கத் தாமதமாகும்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. பின்வாரிலிருந்து வருகிற நாடாவை ஏர்க்காலில் வெறுமனே சுற்றிக் கட்டினால், வண்டி தள்ளும்போது அது குழாயில் வழுக்கிக்கொண்டே போகும். பின்வார் இருந்தும் இல்லாத மாதிரி. ஏர்க்காலின் அடியில் இரண்டு பக்கமும் ஒரு இரும்புக் கொக்கி வளையம் ஒட்ட வேண்டும், நாடா அதற்குள்ளால் போக வேண்டும். பக்கத்து வெல்டிங் பாஸ் "இத்தனூண்டு வளையத்துக்கா வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்?" என்று சிரித்தார். ஒட்டி முடித்ததும் நான் அதில் தொங்கிப் பார்த்ததைக் கண்டு இன்னும் சிரித்தார்.

நெஞ்சுப் பட்டை தோள் முனைக்கு மேலே, மூச்சுக்குழாய்க்குக் கீழே மட்டமாகப் படிய வேண்டும். அதிலிருந்து பின்னே போகும் இழுவார்கள் வளையாமல் நேராக வண்டியின் குறுக்குக் கட்டைக்குப் போக வேண்டும். அந்தக் கட்டை நடு போல்ட்டில் இரண்டு பக்கமும் ஆடுகிறதா என்று பாருங்கள். குதிரையின் தோள் மாறி மாறித்தானே முன்னே போகிறது. கட்டை இறுகி நின்றால் நெஞ்சுத் தோல் உரிந்துவிடும்.

ஏர்க்கால் விஷயத்தில் அண்ணனின் மகளை சீற்றில் உட்கார வைத்துத்தான் பார்த்தோம், ஆளில்லாத வண்டியில் பார்த்துப் பயனில்லை. நுனியை இரண்டு விரலால் தூக்கினால் லேசாக மிதக்க வேண்டும். கனத்தால் முதுகை அமுக்குகிறது, சீற்றைப் பின்னே தள்ள வேண்டும். தானாக மேலே எழும்பினால் வயிற்று வாரை இழுத்து நெரிக்கும், சீற்றை முன்னே கொண்டுவர வேண்டும். லட்டுவின் வண்டியில் ஒரு போல்ட் துளை பின்னே போனதும் சரியாகிவிட்டது. நுனி தோள் முனையோடு நின்றுவிட வேண்டும், அதற்கு மேல் நீண்டால் திரும்பும்போது கழுத்தில் குத்தும், கடிவாள வாரும் அதில் மாட்டும்.

தையலைப் பற்றி ஒரு வார்த்தை, அது என் தொழில். நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைக்கிறார்கள். தோலில் துளை நெருங்கினால் முத்திரைத் தாள் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். பருத்தி நூல் வேர்வையில் உளுத்துவிடும், பொலியெஸ்டர் நூல்தான் போட்டேன். பக்கிள் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போனால் பளபளப்பானதைத் தூக்கிக் காட்டுவார்கள். மட்டக்குளிக் கடற்காற்றுக்கு அந்த முலாம் நிற்காது. பித்தளை, இல்லாவிட்டால் ஸ்டெயின்லெஸ். மழைக்காலத்தில் தோல் பூஞ்சணம் பிடிக்கும், துடைத்து நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும். பக்கிள் மடிப்பில் வாரை வளைத்துப் பார்த்தால் வெடிப்புத் தெரியும், அறுவது எப்போதும் அங்கேதான்.

பூட்டும் ஒழுங்கு இதுதான். முதுகுப் பட்டை, வாலுக்கடியால் போகிற வால் வார், நெஞ்சுப் பட்டை, பின்வார், கடைசியில் கடிவாளம். அப்புறம் ஒருவர் குதிரையின் தலைமாட்டில் நிற்க, இன்னொருவர் வண்டியைப் பின்னாலிருந்து குதிரையிடம் இழுத்து வர வேண்டும், குதிரையை வண்டிக்குள் பின்னே தள்ளக்கூடாது. ஏர்க்காலை முதுகுப் பட்டையின் வளையத்தில் போட்டு, இழுவாரை மாட்டி, பின்வார் நாடாவைக் கட்டி, வயிற்று வாரைக் கொஞ்சம் தளர்வாகப் போட வேண்டும். கடிவாள வாரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். அவிழ்ப்பது இதற்கு நேர் எதிர், ஆனால் கடிவாளத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: வண்டி முழுக்கக் கழன்று தள்ளிப்போன பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும். கண்பட்டை அதில்தான் இருக்கிறது. ஏர்க்காலுக்குள் நிற்கிற குதிரைக்கு அது கழன்றால் பின்னே ஒரு பெரிய சாமான் துரத்துவது தெரியும். ஓடத்தொடங்கினால் பிடிக்கக் கையில் வாரும் இருக்காது. தண்ணீர் குடிக்க விடுகிறேன், ஒரு படம் எடுக்கிறேன் என்று யாராவது கடிவாளத்தைத் தளர்த்தப் போனால் அண்ணன் கத்துவது கேலி இல்லை. வண்டியில் பூட்டியபடி மதிற்கம்பியில் கட்டிவைப்பதும் கூடாது.

இதெல்லாம் லட்டு நீண்ட வாரில் நடந்து பழகி, பழைய ஓட்டோ ரயர் ஒன்றைத் தரையில் இழுத்து, பின்னால் சத்தம் வந்தால் பயப்பட வேண்டியதில்லை என்று தெரிந்துகொண்ட பிறகு. ஹோர்ன் சத்தத்துக்கும் அப்படியே பழக்கினார்கள். விடிகாலை, தார் சுடுவதற்கு முன், ஒழுங்கைக்குள் மட்டும். அண்ணனின் மகள் ஹெல்மட் போட மாட்டேன் என்று அடம்பிடித்தாள், வண்டி கிடைக்காது என்றதும் போட்டுக்கொண்டாள்.

இப்போது அண்ணன் நாலு சில்லு வண்டி கேட்கிறார், இரண்டு பேர் உட்காரலாம் என்று. அதற்குக் காலால் மிதிக்கும் பிரேக் வேண்டும், பாரமும் கூடும், லட்டுவுக்கு அது சரிவருமா என்று எனக்குச் சந்தேகம். இன்னும் ஓம் சொல்லவில்லை.