திட்டுவதற்கு முகம் வேண்டும்

இயற்பியல் ஆசிரியர் என்றால் மின்விசிறியைப் பழுதுபார்ப்பார், மிக்ஸியைப் பழுதுபார்ப்பார், இன்வெர்ட்டருக்கு எந்த பேட்டரி நல்லது என்றும் சொல்வார் என்பது எங்கள் குடும்பத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒளியியல் நடத்துகிறவன் என்ற ஒரே தகுதிக்காக, மூக்குக்கண்ணாடி வாங்கப் போகும்போது என்னைத் துணைக்கு இழுத்துப்போன உறவினர்களும் உண்டு. ஆகவே உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே வடகடல் ஓரத்தில் கருவாட்டுக் களம் வைத்திருக்கும் அத்தை, "களத்துக்குக் கேமரா வைக்கப்போகிறோம், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு மருமகனே" என்று போனில் சொன்னபோது அது அழைப்பாக இல்லை, அரசாணையாகவே இருந்தது.

விஷயம் இதுதான். தடைக்காலம் தொடங்கியிருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவதுதான் மீன். மீன் குறைந்தால் கருவாட்டுக்கு விலை ஏறும். அப்படி ஏறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அத்தையின் களத்தில், கொடியில் தொங்கிய வாளைகள் இரவோடு இரவாகக் குறையத் தொடங்கின. நெத்திலியில் கைவைத்த அடையாளம் இல்லை. வாளையும் திருக்கைத் துண்டும் மட்டும்தான் போயின. திருடனுக்கு ருசி தெரிந்திருக்கிறது.

திருடன் யார் என்பதில் அத்தைக்குச் சந்தேகமே கிடையாது. பக்கத்துக் களத்து அக்காதான். கேமரா வாங்குவது கண்டுபிடிப்பதற்காக அல்ல, கண்டுபிடித்துவிட்டதை ஊருக்குக் காட்டுவதற்காக.

மாமாவின் ஆசை வேறு. தெர்மல் கேமரா என்று ஒன்று இருக்கிறது, கும்மிருட்டிலும் ஆளைக் காட்டும் என்று யாரோ தேநீர்க் கடையில் சொல்லியிருக்கிறார்கள். "ஒரு பக்கம் கடற்படையின் பருந்து விமானத்தளம், மறு பக்கம் மண்டபத்தில் கடலோரக் காவல்படை. நடுவில் இருந்துகொண்டு நாம் மட்டும் மளிகைக் கடைக் கேமராவை மாட்டுவதா?" என்றார். களத்தின் மொத்தப் பரப்பு ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் அளவுக்குத்தான் வரும். ஆனால் மாமா பேசிய தோரணையில் அது எல்லைப்புறம் ஆகிவிட்டது.

ராமநாதபுரத்திலிருந்து கேமராக் கடைத் தம்பி இரண்டு வகையையும் எடுத்துக்கொண்டு சாயங்காலம் வந்தார். நல்ல பையன். விற்கவேண்டும் என்பதைவிட எல்லோரும் சண்டை போடாமல் இருக்கவேண்டும் என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

வித்தியாசத்தை விளக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. "சாதாரண கேமராவும் நம் கண்ணும் ஒரே சாதி அத்தை. பொருளின் மேல் பட்டுத் திரும்பும் ஒளி வேண்டும். இரவில் ஒளி இல்லை என்பதால் கேமராவிலேயே அகச்சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். அதன் அலைநீளம் 850 நானோமீட்டர். நம் கண்ணுக்கு மங்கலான சிவப்புப் புள்ளியாகத்தான் தெரியும், கேமராவுக்கு அது டார்ச். தெர்மல் கேமராவுக்கு விளக்கே வேண்டாம். நம் உடம்பே வெப்பக்கதிர் வீசுகிறது, ஏறக்குறைய 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில். அதைத்தான் அது படமாக்குகிறது. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்பவர் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து..."

"அவர் பிரித்தது இருக்கட்டும். நீ அந்தத் தார்ப்பாயைப் பிரித்து நெத்திலியை மூடு, பனி இறங்கிவிடும்" என்றார் அத்தை. அத்தோடு வகுப்பு முடிந்தது.

செயல்முறைத் தேர்வுக்கு மாமாவே முன்வந்தார். களத்தின் கடைக்கோடிக்குப் போய் அங்கிருந்து திருடன் வருகிற மாதிரி நடந்து வருவதாக ஏற்பாடு. வெயில் தாழ்ந்திருந்தாலும் மணல் இன்னும் கொதித்தது. தெர்மல் திரையில் சூடான பொருள் வெள்ளையாகவும் குளிர்ந்த பொருள் கறுப்பாகவும் தெரியும் என்று கடைத் தம்பி சொல்லி வைத்திருந்தார். திரையில் மணல் வெள்ளை வெளேர் என்று இருந்தது. தகரக் கொட்டகையின் பக்கச்சுவர் அதைவிட வெள்ளை. நடுவில் கன்னங்கரேல் என்று மாமா.

"ஏன் இப்படிக் கறுத்துப் போனார்?" என்றார் அத்தை.

"மணல் மாமாவைவிடச் சூடு அத்தை."

"யார்தான் அவரைவிடச் சூடில்லை? சுறுசுறுப்பு வேண்டாமா மனிதருக்கு?"

வடகடலில் இருந்து காற்று வரத் தொடங்கி, பொழுது சாய்ந்து, மணல் மெதுவாக ஆறியது. அப்போதுதான் வேடிக்கை. மணலின் வெப்பமும் மாமாவின் சட்டை, வேட்டியின் வெப்பமும் ஒரே அளவுக்கு வந்தன. அந்த நேரத்தில் திரையில் மாமாவின் உடம்பு மணலோடு கலந்து மறைந்துவிட்டது. தலை மட்டும் தனியாகக் களத்தில் நடந்து வந்தது. அத்தை மகளின் பிள்ளைகள் அலறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்கள். ஒளிந்துகொள்ள மரமோ சுவரோ தேவையில்லை. பொழுது சாயும் அந்தக் கொஞ்ச நேரத்தில், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் காய்ந்த மணல், தெர்மல் கேமராவிடம் ஆளை மறைத்துக் கொடுத்துவிடும். குளிர் நாட்டு விளம்பரப் படங்களில் பளிச்சென்று தெரிகிற மனிதர்களைப் பார்த்து வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

"அவர் எப்போதும் அப்படித்தான், வேலை இருக்கும் நேரத்தில் காணாமல் போவார்" என்று அத்தை முடித்துவைத்தார்.

இருட்டியபின் தெர்மல் தன் பெருமையைக் காட்டியது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மணல் நன்றாகக் கறுத்துவிட்டது. மாமா வெள்ளையாக ஒளிர்ந்தார். தூரத்து உடைமரத்தடியில் படுத்திருந்த ஆடுகளை எண்ண முடிந்தது. சற்றுமுன் ஒரு நடை போய்வந்த கடைத் தம்பியின் பைக்கில் என்ஜின் மட்டும் வெள்ளையாக எரிந்தது. இன்னும் ஈரம் போகாத மீன்கள் கறுப்பாகவும், காய்ந்தவை தரையோடு ஒட்டியும் தெரிந்தன. ஈரம் ஆவியாகும்போது மீன் குளிர்கிறது, அவ்வளவுதான். "பார்த்தாயா, எது காய்ந்தது என்றுகூடச் சொல்கிறது!" என்று மாமா குதித்தார். அத்தை குனிந்து ஒரு மீனைத் தொட்டுப் பார்த்து, "இது எனக்கு விரலே சொல்லும்" என்றார்.

மாட்டிக்கொண்டவர் சித்தப்பாதான். அத்தைக்கு ஒன்றுவிட்ட தம்பி, எனக்குச் சித்தப்பா முறை. இரவுக் காவல் அவர் பொறுப்பு. "கண்ணை மூடுவதே இல்லை அக்கா, சுற்றிக்கொண்டேதான் இருக்கிறேன்" என்பது அவர் வாடிக்கையாகச் சொல்வது. அப்போதும் அதைத்தான் சொல்லிக்கொண்டு கொட்டகையிலிருந்து வெளியே வந்தார். கடைத் தம்பி ஒரு வேகத்தில் கேமராவைக் கொட்டகைப் பக்கம் திருப்பினார். உள்ளே கட்டிலில் விரித்திருந்த போர்வையில் ஒரு மனிதர் ஒருக்களித்துப் படுத்திருந்த வடிவம், முழங்கால் மடக்கியது வரை, வெள்ளையாக அப்படியே இருந்தது. ஆள் எழுந்து வந்துவிட்டார், சூடு எழுந்து வரவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மங்கி மறைந்தது. சித்தப்பா அந்தக் கேமராவைப் பார்த்த பார்வையில், அதை வாங்கினால் கடலில்தான் கிடக்கும் என்று எனக்குப் புரிந்தது.

பேச்சை மாற்ற அவர், "நண்டுதான் தின்கிறது அக்கா, ராத்திரியில் மணல் முழுக்க நண்டு" என்றார். டார்ச் அடித்தால் நண்டுகள் ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது. தெர்மலில் கூர்ந்து பார்த்தும் தட்டுப்படவில்லை. நண்டுக்குச் சொந்தச் சூடு கிடையாது, மணல் என்ன வெப்பமோ அதே வெப்பம். ஆக, திருடன் நண்டாக இருந்தால் தெர்மல் உதவாது. ஆனால் ஒரு முழ வாளையைக் கொடியிலிருந்து அவிழ்க்கிற நண்டு இந்தக் கடற்கரையில் இன்னும் பிறக்கவில்லை.

உப்புக்காற்றில் கெடாமல் இருக்கக் கேமராவை வீட்டுக்குள் சன்னலுக்குப் பின்னால் வைக்கலாம் என்பது மாமாவின் அடுத்த யோசனை. வைத்துப் பார்த்தோம். திரையில் களம் இல்லை. மாமாதான் இருந்தார். சாதாரணக் கண்ணாடி அந்த வெப்பக்கதிரை உள்ளே விடாது, கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். அதனால்தான் தெர்மல் கேமராவின் லென்ஸையே ஜெர்மானியத்தில் செய்கிறார்கள். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி புகாத அந்தப் பொருளில் வெப்பக்கதிர் புகுந்துவிடும். விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். மாமா இந்த விளக்கத்தைக் கேட்டாரா என்று தெரியவில்லை. திரையில் தெரிந்த தன் உருவத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அத்தை கேட்ட கேள்விதான் தீர்ப்பு. திரையில் மாமா, சித்தப்பா, கடைத் தம்பி மூவரும் வெள்ளையாக நின்றார்கள். தொந்தி ஒன்றை வைத்துத்தான் மாமாவை அடையாளம் காணவேண்டியிருந்தது. "முகம் எங்கே?" என்றார் அத்தை.

"தெரியாது அத்தை. இதில் 256க்கு 192, அதாவது ஐம்பதாயிரம் புள்ளிகூட இல்லை. அந்தச் சாதாரண கேமராவில் 4 மெகாபிக்சல், ஏறக்குறைய 40 லட்சம் புள்ளி. தெர்மல் ஆள் வந்திருக்கிறான் என்று சொல்லும். எந்த ஆள் என்று சொல்லாது."

"யாரென்று தெரியாமல் நான் யாரைத் திட்டுவது?"

இதற்கு மேல் தெளிவாக எந்தப் பொறியாளரும் இந்தத் தேர்வைச் சொல்லிவிட முடியாது. வாலிநோக்கம் உப்பளம் மாதிரி கண்ணுக்கெட்டிய தூரம் விளக்கில்லாத வெளியா, யார் நுழைந்தாலும் உடனே மணி அடித்தால் போதுமா, தெர்மல் வாங்கலாம். பூச்சி பறந்தாலும் கிளை ஆடினாலும் அது அவ்வளவாக ஏமாறாது. கமுதியில் இருக்கிற 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் போன்ற இடங்களில் பழுதான செல் சூடேறிக் கிடப்பதைக் கண்டுபிடிக்கவும் இந்த வகைக் கருவி உதவும். பக்கத்துக் களத்து அக்காவா இல்லையா என்று தெரியவேண்டுமானால் சாதாரண கேமராதான். விலையையும் கடைத் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னார். சாதாரணது சில ஆயிரத்தோடு முடிந்தது. தெர்மலுக்கான தொகையில் பழைய பைக் ஒன்று வாங்கிவிடலாம். மாமா அமைதியானார்.

மாட்டுவதில் மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன். கேமராவின் சொந்த அகச்சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு, தள்ளி ஒரு கம்பத்தில் வெள்ளை விளக்குப் போட்டோம். இல்லாவிட்டால் லென்ஸுக்கு முன்னால் சிலந்தி வலை கட்டும், ஒவ்வொரு இழையும் அந்த விளக்கில் வடக்கயிறு கனத்துக்குத் தெரியும். உப்புப் படிந்தாலும் அந்த விளக்கே பட்டுத் தெறித்துப் படம் பால் ஊற்றியதாகிவிடும். வெளிச்சம் இருந்தால் இரவிலும் நிறம் கிடைக்கும் என்பது கூடுதல் லாபம். திருகாணிகள் எல்லாம் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர்த் துணியால் முகப்பைத் துடைக்கும் வேலை சித்தப்பாவுக்கு. கட்டில் விவகாரத்துக்குப் பின் அவரால் எதையும் மறுக்க முடியவில்லை.

நிறம் தெரிந்ததுதான் வழக்கைத் திறந்தது. சில நாள் கழித்து ஒரு விடியற்காலைப் பதிவில், ஒரு செவலை நாய் எம்பி எம்பி ஒரு வாளையைக் கவ்வி இழுத்து, நீளம் தாங்காமல் அவிழ்ந்த பெல்ட் போலத் தரையில் தேய்த்துக்கொண்டு பக்கத்துக் களத்துக்குள் போனது. இடது காதில் வெள்ளைத் திட்டு. ஊருக்கே தெரியும் அது யார் வீட்டு நாய் என்று. அத்தையின் முகத்தில் அன்று வந்த நிறைவை அவர் மகள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

அக்கா அழைக்கப்பட்டார். கைப்பேசி நீட்டப்பட்டது. அவர் நிதானமாகப் பார்த்தார். "சரி மதினி, எங்கள் நாய்தான். கொஞ்சம் பின்னால் போடுங்கள், அது எப்படி வந்தது என்று பார்ப்போம்" என்றார்.

பின்னால் ஓட்டினோம். விளக்குக் கம்பத்தடியில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அதே நாய். அவர் கொடியிலிருந்து ஒரு திருக்கைத் துண்டை உருவி, பாதியைத் தான் வைத்துக்கொண்டு மீதியை அதற்குப் போட்டார். தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு எழுந்து கொட்டகைக்குள் போய்விட்டார். நாய் கொஞ்ச நேரம் காத்திருந்தது. அதன் பிறகுதான் எம்பியது.

"காவலுக்குத் துணை வேண்டாமா அக்கா?" என்றார் சித்தப்பா, யாரையும் பார்க்காமல்.

அத்தை வாயைத் திறப்பதற்குள் அக்கா திரையை விரலால் பெரிதாக்கினார். அந்த 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறக்குறைய 100 பாகை அகலத்துக்குப் பார்க்கும். ஓரத்தில் அவர் களத்தின் ஒரு மூலையும் தெரிந்தது. சண்டைக்கு இன்னொரு காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"எங்கள் பக்கமும் கொஞ்சம் விழுகிறதே மதினி. இன்னும் ஒரு சாண் திருப்பி வைத்தால் எங்கள் கருவாட்டுக்கும் காவல் ஆகிவிடும்."

"திருப்பலாம். பாதிப் பணம் கொடு."

"பாதியா? கால்வாசிதான் எங்கள் பக்கம் வரும்."

"உன் நாய் தின்ற வாளையை யார் கணக்கில் எழுதுவது?"

"உங்கள் தம்பி தின்ற திருக்கையை யார் கணக்கில் எழுதுவீர்களோ, அவர் கணக்கில்."

மாமா என் காதருகே வந்து, அந்தத் தெர்மல் கேமராக் கடைத் தம்பியின் எண் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.