அம்மாவுக்குக் கொடுத்த சத்தியம்

மாயாஜால மிகுபுனைகதைகளை (ஃபேன்டசி) நகைச்சுவையாக எழுதிய ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் ‘அன்சீன் அகாடமிக்கல்ஸ்’ (2009) நாவலை மறுபடியும் எடுத்து வைத்திருக்கிறேன். கால்பந்து ஆடாவிட்டால் பழைய அறக்கட்டளைப் பணம் கைவிட்டுப் போய்ச் சாப்பாட்டுத் தட்டு சுருங்கிவிடும் என்ற ஒரே பயத்தில், தொந்தி பெருத்த மந்திரவாதிப் பேராசிரியர்கள் ஆடக் கிளம்புகிறார்கள். கோல்கீப்பர், பல்கலைக்கழக நூலகர். அவர் ஓர் ஒராங்குட்டான் குரங்கு.

டிரெவ் என்ற இளைஞனின் அப்பா பெரிய ஆட்டக்காரர். ஆட்டத்திலேயே உயிரை விட்டவர். பந்தைத் தொடமாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்திருக்கிறான் மகன். இப்படி ஒரு சத்தியத்தைக் கதையில் வைத்தால் கடைசி ஆட்டத்தில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? தெரியும். நமக்குத் தெரியும் என்பது பிராட்செட்டுக்கும் தெரியும். அதனால் அவர் ஒளிக்கவே முயல்வதில்லை. நம்மைக் காக்க வைத்து வேடிக்கை பார்க்கிறார்.

எதிரெதிர் அணிகளின் ஆதரவாளர் குடும்பங்களில் பிறந்த இருவருக்குக் காதல். பெண்ணின் பெயர், ஷேக்ஸ்பியர் நாடகத்தில் போலவே, ஜூலியட்! பிராட்செட் கூச்சமே இல்லாத மனிதர்.

ஆனால் நட் விஷயத்தில் சிரிப்பு நின்றுவிடுகிறது. மெழுகுவர்த்தி உருக்கும், ஊரே கோப்ளின் (குட்டிப் பூதம்) என்று நினைத்திருக்கும் அந்த அப்பாவி உண்மையில் ஓர் ஆர்க், அதாவது எல்லோரும் அஞ்சும் அரக்க இனத்தவன். மிகுபுனைகதைகளில் ஆர்க் என்றாலே பெயரில்லாமல் வெட்டுப்பட்டுச் சாகும் கூட்டம். இங்கே அவன் நிறையப் படிக்கிறான், அணிக்குப் பயிற்சி தருகிறான், ‘எனக்கு மதிப்பு இருக்கிறதா’ என்று ஓயாமல் தன்னையே கேட்டுக்கொள்கிறான்.

ஆட்டத்தின் முடிவை நான் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும்: பல்கலைக்கழகத்தின் இரவுச் சமையலறையை நடத்தும் கிளெண்டா சுடும் ‘பை’ (pie) பலகாரம் வரும் அத்தியாயங்களைப் பசியோடு படிக்காதீர்கள்.