வெள்ளிக் காது

பிரதோஷத்தன்று போகாதே என்று தங்கை சொன்னாள். நான் கேட்கவில்லை. கிழக்கு வாசலிலேயே நெரிசல். செருப்பை விடுவதற்குள் இரண்டு பேர், "சீக்கிரமா தரிசனம் பண்ணி வைக்கேன், வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். டவுனில் பிறந்து வளர்ந்தவனுக்கு நெல்லையப்பரைக் காட்ட இன்னொருத்தர் வேண்டுமா? அம்மா இதில் எதையும் கவனிக்கவில்லை. இடுப்புச் சுருக்குப்பையை விட்டுக் கை எடுக்கவே இல்லை. அதற்குள் மஞ்சள் துணியில் முடிந்த வெள்ளிக் காது.

காலையில் குறுக்குத்துறையில் குளியல். ஆபரேஷன் செய்த காதில் தண்ணீர் போகக் கூடாது என்பதால் அப்பா படித்துறையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தார். என்னை முங்கச் சொல்லிவிட்டு, தண்ணீருக்குள் இரண்டு கூழாங்கல்லை மோதினார். சின்ன வயதில் எனக்குக் காட்டிய அதே விளையாட்டு. சத்தம் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்றில்லாமல் மண்டைக்குள்ளேயே 'டக்'கென்று கேட்கும். தாமிரபரணியில் முங்கினவர்களுக்குத் தெரியும். தலையைத் தூக்கியதும், "ஏல, கேக்கா?" என்றார். நாலு வருஷமாக நாங்கள்தான் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வேண்டுதல் போன வருஷம் இதே கோயில் மணி மண்டபத்தில் வைத்தது. ஒரே கல்லில் நடுவே பெருந்தூண், சுற்றிலும் 48 சிறு தூண்கள், தட்டினால் ஆளுக்கொரு நாதம். அன்று அப்பா களைத்துப்போய் அதில் தலையைச் சாய்த்து நின்றார். யாரோ ஒருத்தர் பத்து ரூபாய்க்காக மறுபக்கத்துத் தூணைக் காசால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். (இப்படித் தட்டித் தட்டியே கல்லைத் தேய்த்துவிடுவார்கள் போல.) பக்கத்தில் மேளம் கொட்டினாலும் திரும்பாத மனுஷன் சட்டென்று நிமிர்ந்தார்.

"ஏல, இது கேக்குல!"

தலையை எடுத்தார், இல்லை. காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பு படும்படி மறுபடி சாய்ந்தார், கேட்டது. அம்மா அந்த இடத்திலேயே கண்ணை மூடிக் காந்திமதியிடம் வேண்டிக்கொண்டுவிட்டாள்.

அப்புறம் டாக்டரும் அதையேதான் செய்தார். இசைக்கவையைத் தட்டிக் காதுக்கு நேரே பிடித்தார், ஒன்றுமில்லை. காதுக்குப் பின் எலும்பில் ஊன்றினார், அப்பா தலையாட்டினார். உள்காது நன்றாகத்தான் இருக்கிறது, நடுக்காதில் அங்கவடி எலும்பு அசையாமல் இறுகிவிட்டது, காற்றில் வரும் சத்தத்தை உள்ளே தள்ள ஆளில்லை என்றார். அரிசியைவிடச் சின்ன எலும்பு! ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர், தண்ணீரில் 1,500, கருங்கல்லில் 5,000 என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவன்தான் நான். கல்லில் போகிற சத்தம் அப்படியே எலும்பில் ஏறும் என்பது அதுவரை புத்தியில் ஏறவில்லை. டாக்டருக்கு முன்பே சோதித்துச் சொன்னவன் வேணுவனநாதன், எங்கள் நெல்லையப்பன்.

சுவாமி சன்னிதிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். நந்தி அபிஷேகத்தில் பால் தெரிந்தது, நந்தி தெரியவில்லை. முன்னால் அத்தனை செல்போன். எரிச்சலாகத்தான் இருந்தது, தீபாராதனை வரைக்கும்.

மணி அடித்தது. அப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "என்னா சத்தம்!" கையை எடுத்தார். மறுபடி பொத்தினார், மறுபடி எடுத்தார். பள்ளிக்கூடப் பையன் மாதிரி சிரிப்பு, கன்னமெல்லாம் கண்ணீர். பக்கத்திலிருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ! என் பெண்ணின் படிப்பு, வீட்டுக் கடன் என்று கேட்க வேண்டியதெல்லாம் பட்டியல் போட்டுக்கொண்டு போயிருந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. அப்பனே, அப்பனே என்பதைத் தவிர வாயில் வேறெதுவும் இல்லை. தாமிர சபையில் எவ்வளவு நேரம் நின்றோம், திருநீற்றை யார் தந்தார்கள், எதுவும் நினைவில்லை.

சங்கிலி மண்டபம் வழியாக அம்மன் சன்னிதிக்கு வந்தோம். பச்சைப் பட்டில் நின்றாள் காந்திமதி. அம்மா மஞ்சள் துணியை அவிழ்த்து, வெள்ளிக் காதைக் கண்ணில் ஒற்றி உண்டியலில் போட்டாள். பத்தடி தள்ளி, எங்களுக்கு முதுகு காட்டி அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தார் அப்பா. உள்ளே சில்லறை மேல் விழுந்த சத்தம் எனக்கே லேசாகத்தான் கேட்டது.

"ஏட்டி, போட்டுட்டியா?" என்றார், திரும்பாமலே.