பத்துக்குப் பதின்மூன்றா, பதினாறா: நீர்க்குளிர்விப்புக்கு ட்யூபும் ஃபிட்டிங்கும் தேர்ந்தெடுத்த அனுபவம்

என் கணினியின் பிராசஸரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் ஒரே நீர்ச்சுற்றில் குளிர்விக்கும் வேலை ஒரு வழியாக முடிந்திருக்கிறது. ரேடியேட்டர், பம்ப், பிளாக் (சிப்பின் மேல் அமர்ந்து அதன் வெப்பத்தை நீருக்குக் கடத்தும் உலோகப் பாகம்) ஆகியவற்றை இரண்டு நாட்களில் முடிவு செய்துவிட்டேன். அவற்றை இணைக்கும் ட்யூபுக்கும் ஃபிட்டிங்குக்கும்தான் மூன்று வாரங்கள் பிடித்தன.

இந்தப் பாகங்களின் துளைகள் பெரும்பாலும் ஜி 1/4 என்ற ஒரே மரையில் வருகின்றன. எந்த ஃபிட்டிங்கை எந்த பிளாக்கில் திருகினாலும் சரியாக உட்கார்ந்துவிடும் என்பதால், மரை பொருந்தினால் எல்லாமே பொருந்தும் என்று நினைத்துவிட்டேன். ஆனால் பொதுவானது ஃபிட்டிங்கின் ஒரு பக்கம் மட்டும்தான். மறுபக்கத்தில் ட்யூப் ஒரு குழல்முனையின் மேல் ஏறி நிற்க, வெளியிலிருந்து காலர் என்ற திருகு வளையம் அதை அழுத்திப் பிடிக்கிறது. எனவே ட்யூபின் உள்விட்டம் முனையோடும், வெளிவிட்டம் காலரோடும் ஒத்துப்போக வேண்டும். 10/13, 10/16, 13/19 என்று மில்லிமீட்டரில் இரண்டு எண்களைச் சேர்த்தே அளவு குறிப்பிடப்படுவது இதனால்தான்.

நான் முதல் எண்ணை மட்டும் பார்த்து 10/16 ஃபிட்டிங்குகளையும் 10/13 ட்யூபையும் வாங்கிவிட்டேன். ட்யூப் முனையின் மேல் கச்சிதமாக ஏறியதால் சந்தேகமே எழவில்லை. காலரை முழுவதும் இறுக்கிய பிறகு ட்யூபை இரண்டு விரலால் திருப்பிப் பார்த்தேன், தடையில்லாமல் சுழன்றது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, காலருக்கும் ட்யூபுக்கும் நடுவே சுற்றிலும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தது. சற்றே பலமாக இழுத்ததும் ட்யூப் கையோடு வந்துவிட்டது. அந்த நிலையில் நீரை நிரப்பியிருந்தால், கிராஃபிக்ஸ் கார்டின் மேலேயே கழன்றிருக்கும்.

எட்டு ஃபிட்டிங்குகளை மாற்றுவதைவிட மூன்று மீட்டர் ட்யூபை மாற்றுவது செலவு குறைவு. அதைவிட முக்கியமான காரணம் சுவரின் தடிமன். பம்பிலிருந்து கிராஃபிக்ஸ் கார்டுக்குச் செல்லும் வளைவு என் கேபினட்டில் மிகவும் குறுகலானது; ஒன்றரை மில்லிமீட்டர் சுவருள்ள ட்யூப் அங்கே மடங்கி நசுங்கியது, மூன்று மில்லிமீட்டர் சுவருள்ள 10/16 ட்யூப் வட்டமாகவே வளைந்தது. 13/19 அளவையும் யோசித்தேன். ட்யூபின் விட்டத்தைக் கூட்டுவதால் வெப்பநிலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் வருவதில்லை; பெரிய காலர்கள் பக்கத்துப் பக்கத்துத் துளைகளில் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் தொல்லைதான் மிஞ்சும்.

பொருளைப் பொறுத்தவரை, கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் கண்ணாடி போன்ற பிவிசி ட்யூபை முதலில் ஒரு துண்டு வாங்கிப் பார்த்தேன். அது மலிவானது, ஆனால் இந்த வேலைக்கு உகந்ததல்ல. மென்மையான பிவிசியில் நெகிழ்வுக்காகக் கலந்துள்ள பிளாஸ்டிசைசர் என்ற பொருள் நாளடைவில் கசிந்து நீரில் கலக்கும், ட்யூப் மங்கும், பிளாக்கின் நுண்ணிய செப்புத் தகடுகளுக்கிடையே வெண்படலம் அடைந்துகொள்ளும். எனவே அந்தத் தொல்லை இல்லாத கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் ட்யூபைத் தேர்ந்தெடுத்தேன். உள்ளே ஓடும் நீரைப் பார்க்கும் அழகு போய்விடுகிறது என்பது உண்மை. அதற்காக நான் வருந்தவில்லை. பெட்ஜி, அக்ரிலிக் போன்ற கடினக் குழாய்களை விரும்புவோர், அவற்றுக்கு 12, 14, 16 மில்லிமீட்டர் வெளிவிட்டத்தில் தனி ஃபிட்டிங்குகள் உண்டென்பதையும், மென்ட்யூப் ஃபிட்டிங்குகள் அவற்றுக்கு உதவா என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

உலோகத்திலும் பொருத்தம் பார்க்க வேண்டும். என் பிளாக்குகள் நிக்கல் பூசிய செப்பு. ஃபிட்டிங்குகள் நிக்கல் பூசிய பித்தளை. ரேடியேட்டரும் செப்பும் பித்தளையும் கொண்டதே. இந்தச் சுற்றில் ஓர் அலுமினியப் பாகம் நுழைந்தாலும், நீரின் வழியே மின்வேதி அரிப்பு தொடங்கி அலுமினியம் தின்னப்படும்.

பொருத்தும்போது பிளம்பிங் பழக்கத்தில் டெஃப்லான் டேப்பை எடுக்கக் கை நீண்டது. ஜி 1/4 மரை கூம்பாகச் சரியாத நேர் மரை என்பதால், இங்கே நீரை அடைப்பது மரை அல்ல, அதன் அடியிலுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். டேப்பின் துணுக்கு பிய்ந்து உள்ளே சென்றால் பிளாக்கையே அடைக்கும். ஆகவே ஓ-ரிங்குகள் நெளியாமல் அமர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துக் கையாலேயே இறுக்கினேன். ட்யூபின் முனையை நேராக வெட்டி, வெந்நீரில் சிறிது நேரம் நனைத்ததும் குழல்முனையின் மேல் எளிதாக ஏறியது.

கை பம்பால் சுமார் 0.5 பார் காற்றழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் விட்டேன், முள் நகரவில்லை. பிறகு மதர்போர்டுக்கு மின்சாரம் தராமல் பம்பை மட்டும் இயக்கி, ஒவ்வோர் இணைப்பின் அடியிலும் டிஷ்யூ காகிதம் சுற்றி, ஒரு முழு நாள் ஓடவிட்டேன். மறுநாள் காலையில் எட்டுக் காகிதங்களையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தேன். எல்லாம் உலர்ந்தே இருந்தன. அன்று மாலை கணினியை இயக்கினேன். அறை 33 டிகிரியில் இருக்க, ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓடிய பின் நீர் 42 டிகிரியில் நின்றது. வடிகால் வால்வுக்கான டி-ஃபிட்டிங் மட்டும் இன்னும் வரவில்லை. அதையும் 10/16 அளவு காலர்களோடுதான் கேட்டிருக்கிறேன்.